கலப்படமா, கலவையா? கசடுச் சிமெண்டின் பக்கம் நின்ற ஜெர்மன் வேதியியலாளர்

இரும்பு ஆலையில் மிஞ்சும் கசடை அரைத்துச் சிமெண்டில் சேர்ப்பது இன்று உலகின் பல நாடுகளிலும் வழக்கமான நடைமுறை. ஆனாலும் வீடு கட்டத் தொடங்கும் ஒருவரிடம் கசடுச் சிமெண்ட் மூட்டை ஒன்றைக் காட்டினால், சுத்தமான சிமெண்டில் கழிவைக் கலந்து விற்கிறார்களோ என்ற ஐயமே அவருக்கு முதலில் எழுகிறது.

இதே ஐயம் 1880களில் ஜெர்மனியின் சிமெண்ட் தொழிலை இரு தரப்பாகப் பிரித்து நிறுத்தியது. கசடு கலந்த சிமெண்டை விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும் என்றது ஆலை அதிபர்களின் சங்கம். உரிய பொருளை உரிய முறையில் கலந்தால் சிமெண்ட் மேலும் உறுதி பெறும் என்றார் பெர்லின் நகரில் சோதனைக்கூடம் நடத்திவந்த ஒரு வேதியியலாளர்.

அவர் பெயர் வில்ஹெல்ம் மிகாயேலிஸ். 1840ஆம் ஆண்டு பிறந்து 1911ஆம் ஆண்டு மறைந்த அவர், சிமெண்ட் வேதியியலின் முன்னோடிகளில் ஒருவராகக் கட்டுமான உலகில் இன்றும் நினைவுகூரப்படுகிறார். சிமெண்ட் ஏன் கெட்டிப்படுகிறது, கடல் நீரில் ஏன் சிதைகிறது, அதன் வலிமையை எப்படி அளப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் அவர் தேடிய விடைகளே, கசடு பற்றிய வாதத்தில் அவர் எடுத்த நிலைப்பாட்டுக்கும் அடிப்படையாக அமைந்தன.

அனுபவத்திலிருந்து கணக்குக்கு

போர்ட்லாண்ட் சிமெண்ட் என்ற பெயருக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824ஆம் ஆண்டில். ஜெர்மன் மண்ணில் அதன் உற்பத்தி 1850களில் தொடங்கியது. பால்டிக் கடலை ஒட்டிய ஸ்டெட்டின் நகருக்கு அருகே ஹெர்மன் பிளைப்ட்ராய் நிறுவிய ஆலை இவ்வகையில் முன்னோடியாகும். ஸ்டெட்டின் இன்று போலந்து நாட்டில் உள்ளது.

அக்காலத்தில் சிமெண்ட் தயாரிப்பு பெரும்பாலும் கைப்பழக்கத்தைச் சார்ந்திருந்தது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் எந்த விகிதத்தில் கலப்பது, எவ்வளவு சூடாக்குவது என்பதைச் சூளையில் வேலை செய்து பழகியவர்களே தீர்மானித்தனர். ஒரு சூளையில் இருந்து வந்த சிமெண்ட் பாறைபோல் இறுகும். மற்றொன்றில் இருந்து வந்தது சில மாதங்களில் விரிந்து வெடிக்கும். காரணம் எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

இந்த நிலையில் 1869ஆம் ஆண்டு, தமது 29ஆம் வயதில், நீரில் இறுகும் சாந்துகள் பற்றிய விரிவான நூல் ஒன்றை மிகாயேலிஸ் லைப்சிக் நகரில் வெளியிட்டார். நூலின் மையப் பொருள் போர்ட்லாண்ட் சிமெண்ட். ஆலை நடத்துவோர், கட்டடப் பொறியாளர்கள், வேதியியலாளர்கள் ஆகிய மூன்று தரப்பினருக்காகவும் அது எழுதப்பட்டது.

நல்ல சிமெண்டில் சுண்ணாம்பின் எடைக்கும், சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு ஆகிய மூன்றின் கூட்டு எடைக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட விகிதம் நிலவுவதை அவர் எடுத்துக்காட்டினார். அந்த விகிதம் ஏறக்குறைய 2 என்ற அளவில் இருக்க வேண்டும். மிகக் குறைந்தால் சிமெண்ட் வலுவிழக்கும். மிகக் கூடினால் எரிந்து சேராத சுண்ணாம்பு பின்னர் விரிந்து கட்டடத்தைக் கெடுக்கும். ஹைட்ராலிக் குணகம் என்று அழைக்கப்பட்ட இந்த எண், சூளைத் தொழிலாளியின் கண்ணளவைக்கு மாற்றாக ஒரு கணக்கைத் தந்தது.

சிமெண்டின் தன்மை அதன் பெயரிலோ அது பிறந்த ஆலையிலோ இல்லை, அதன் உட்கூறுகளில் இருக்கிறது என்பதே இக்கணக்கின் உட்பொருள். பின்னாளில் கசடு பற்றிய வாதத்தில் அவர் எடுத்த நிலைப்பாட்டின் வேரை இங்கேயே காண முடிகிறது.

மலைபோல் குவிந்த கசடு

அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் இரும்புத் தொழில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ரூர், ரைன் ஆற்றுப் பகுதிகளில் ஊதுலைகள் எழுந்தன. இரும்புத் தாதுவில் உள்ள மண்ணும் கல்லும், உலையில் இடப்படும் சுண்ணாம்புக்கல்லுடன் சேர்ந்து உருகி, உருகிய இரும்பின் மேல் மிதக்கும். இதுவே கசடு. இதை வெளியே வடித்து ஆலைகளைச் சுற்றிக் கொட்டினர். தரம் குறைந்த தாதுவைப் பயன்படுத்திய ஆலைகளில், கிடைத்த இரும்பின் அளவுக்கு நிகராகவே கசடும் மிஞ்சியது. அதைக் கொட்ட நிலம் வாங்குவதே ஆலைகளுக்குச் செலவாயிற்று.

கசடின் உட்கூறுகளைப் பார்த்தால் சுண்ணாம்பு, சிலிக்கா, அலுமினா ஆகியவையே அதில் முதன்மையானவை. அதாவது சிமெண்டில் உள்ள அதே பொருள்கள், சுண்ணாம்பின் பங்கு மட்டும் குறைவு. ஆனால் மெதுவாக ஆறிய கசடு கல்லைப்போலக் கிடந்ததே தவிர, நீருடன் சேர்ந்து இறுகவில்லை.

1862ஆம் ஆண்டு, கொலோன் நகருக்குத் தென்கிழக்கே ட்ரோய்ஸ்டோர்ஃப் என்ற ஊரிலுள்ள இரும்பாலையில் பணியாற்றிய எமில் லாங்கன் ஒரு புதிய உண்மையைக் கண்டறிந்தார். உருகிய கசடை நீரில் பாய்ச்சித் திடீரெனக் குளிரவைத்தால் அது குறுணை மணலாக உடைகிறது. அந்த மணலைச் சுண்ணாம்புடன் கலந்தால் சிமெண்டைப்போல் இறுகுகிறது.

இதற்கான விளக்கம் பின்னரே தெளிவாயிற்று. மெதுவாக ஆறும்போது கசடின் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகங்களாகி அமைதி அடைகின்றன. திடீரெனக் குளிர்ந்தால் அவ்வாறு அடுக்கப்பட அவகாசமின்றிக் கண்ணாடி போன்ற நிலையில் உறைகின்றன. அந்தக் கண்ணாடி நிலையில் வினைபுரியும் ஆற்றல் அடங்கிக் கிடக்கிறது. சுண்ணாம்பு போன்ற ஒரு காரப்பொருள் அதைத் தூண்டிவிடுகிறது.

ஓஸ்னாப்ரூக் நகருக்கு அருகிலுள்ள கேயோர்க்ஸ்மரியன்ஹூட்டே இரும்பாலையில் பிரிட்ஸ் லூர்மான் என்ற பொறியாளர், 1860களின் நடுப்பகுதியில் கசடுக் குறுணையையும் சுண்ணாம்பையும் கலந்து சூளையில் சுடாமலேயே செங்கல் வடிவக் கற்களைத் தயாரிக்கத் தொடங்கினார். கழிவாகக் கொட்டப்பட்டது கட்டுமானப் பொருளாக மாறிய தொடக்கக் கட்டம் அது.

இழுத்துப் பார்க்கும் கருவி

1877ஆம் ஆண்டு ஜெர்மன் சிமெண்ட் உற்பத்தியாளர்களின் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே பிரஷ்ய அரசு போர்ட்லாண்ட் சிமெண்டுக்கான தர விதிகளை ஏற்றுக்கொண்டது. சிமெண்டுக்காக அரசு ஏற்பு பெற்ற தர விதிகளில் உலகிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

தர விதி இருந்தால் மட்டும் போதாது, அளக்கும் கருவியும் வேண்டும். நடுவில் இடுப்புப்போல் குறுகிய சிறு சாந்துக் கட்டி ஒன்றை வார்த்து, அதை இரு முனைகளிலும் பிடித்து இழுத்து, எந்தச் சுமையில் அது முறிகிறது என்று பார்க்கும் நெம்புகோல் கருவியை மிகாயேலிஸ் வடிவமைத்தார். இரட்டை நெம்புகோல் அமைப்பு சுமையை 50 மடங்காகப் பெருக்கியது. தொங்கும் வாளியில் ஈயக் குண்டுகள் மெல்லக் கொட்டிக்கொண்டே இருக்கும். கட்டி முறிந்த நொடியில் கொட்டுவது நின்றுவிடும். வாளியின் எடையைப் பார்த்தால் வலிமை தெரிந்துவிடும். எளிமையான இந்தக் கருவி பல நாடுகளின் சோதனைக்கூடங்களில் அவர் பெயராலேயே வழங்கிற்று.

1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு மணல் சேர்த்து, 28 நாட்கள் கழித்துச் சோதிக்கும் வழக்கம் அக்காலத்தில் நிலைபெற்றது. இன்றும் கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில் அளக்கும் மரபு கட்டுமானத் துறையில் தொடர்கிறது.

நீராவியில் இறுகிய கல்

1880ஆம் ஆண்டு மிகாயேலிஸ் பெற்ற காப்புரிமை, அவருடைய சிந்தனைப் போக்கை மேலும் தெளிவாகக் காட்டுகிறது. சாதாரண மணல் சுண்ணாம்புடன் வினைபுரிவதில்லை. ஆனால் மணலையும் சுண்ணாம்பையும் கலந்து அச்சில் அழுத்தி, மூடிய கலனில் உயர் அழுத்த நீராவியில் வைத்தால், 130 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மணலின் மேற்பரப்பிலுள்ள சிலிக்கா சுண்ணாம்புடன் கூடிக் கல்லாக இறுகும் என்று அவர் காட்டினார்.

இந்தக் காப்புரிமையால் அவருக்கு உடனடிப் பயன் விளையவில்லை. 1890களில்தான் ஜெர்மனியில் இம்முறையில் மணல்-சுண்ணாம்புக் கற்களைத் தயாரிக்கும் ஆலைகள் தோன்றின. ஆயினும் இன்று ஜெர்மனியில் வீட்டுச் சுவர்களுக்குப் பெருமளவில் பயன்படும் வெள்ளைக் கல் இதன் நேரடி வாரிசாகும். நிலக்கரிச் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்து நீராவியில் இறுகவைக்கும் எடை குறைந்த கட்டடக் கட்டிகள் தமிழகத்தின் நகரங்களில் இன்று பரவலாகக் காணப்படுகின்றன. அவற்றின் அடிப்படைக் கருத்தும் இந்தக் காப்புரிமையில் இருந்தே தொடங்குகிறது.

சுண்ணாம்பு தனித்துக் கிடந்தால் பலவீனம்; வினைபுரியும் சிலிக்காவுடன் கூடினால் பலம். மிகாயேலிஸின் பணிகள் அனைத்தையும் இணைக்கும் இழை இதுவே.

தொழிலைப் பிளந்த விவாதம்

1882ஆம் ஆண்டு கோட்ஹார்ட் பிரூஸிங் என்பவர், ஃபோர்வோலே என்ற இடத்திலிருந்த ஆலையில், போர்ட்லாண்ட் சிமெண்டின் கிளிங்கருடன் கசடுக் குறுணையைச் சேர்த்து அரைத்துச் சிமெண்ட் தயாரித்தார். வேறு சில ஆலைகளிலும் இத்தகைய கலப்பு நடைபெற்றது. பிரச்சினை என்னவென்றால், இப்படித் தயாரானவை போர்ட்லாண்ட் சிமெண்ட் என்ற பெயரிலேயே சந்தைக்கு வந்தன.

உற்பத்தியாளர் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. ரைன் ஆற்றங்கரையில் புகழ்பெற்ற ஆலையை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ருடோல்ஃப் டிக்கர்ஹோஃப், எதிர்ப்பாளர்களில் முக்கியமானவர். சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் நன்கு கலந்து சுடப்பட்டு அரைக்கப்பட்ட பொருளே போர்ட்லாண்ட் சிமெண்ட். சுட்ட பிறகு வேறு பொருளைச் சேர்ப்பது கலப்படம் என்பது சங்கத்தின் நிலை. சிறு அளவில் ஜிப்சம் போன்றவற்றைச் சேர்ப்பதற்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. 1880களின் நடுவில், தூய பொருளை மட்டுமே அப்பெயரில் விற்பதாகச் சங்கத்தின் உறுப்பினர்கள் உறுதியேற்றனர்.

மிகாயேலிஸ் மறுபக்கம் நின்றார். போர்ட்லாண்ட் சிமெண்ட் நீருடன் சேர்ந்து இறுகும்போது கணிசமான அளவு சுண்ணாம்பைத் தனியே பிரித்துவிடுகிறது. இன்றைய கணக்கின்படி, முழுமையாக இறுகிய சிமெண்டுப் பசையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வரை இந்தச் சுண்ணாம்பு இருக்கும். அதனால் வலிமை எதுவும் கூடுவதில்லை. எரிமலைச் சாம்பல் பாறையோ நீரில் தணித்த கசடோ உடனிருந்தால், அந்தச் சுண்ணாம்பு வீணாகாமல் புதிய பிணைப்பாக மாறும். ஆகவே இது சிமெண்டை நீர்த்துப்போகச் செய்யும் செயலன்று, அதன் குறையை நிரப்பும் செயல் என்பது அவர் முன்வைத்த கருத்தின் சாரம்.

இது ஜெர்மனியில் மட்டுமே அறியப்பட்ட உண்மையன்று. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து துறைமுகங்களைக் கட்டினர். தென்னிந்தியக் கொத்தனார்கள் சுட்ட செங்கல் தூளான சுர்க்கியைச் சுண்ணாம்புச் சாந்தில் சேர்த்தனர். பெர்லினில் இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1887 முதல் 1895 வரை, பெரியாற்றின் குறுக்கே பென்னிகுயிக் எழுப்பிய முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தே பயன்படுத்தப்பட்டது. கொத்தனாரின் கைப்பழக்கமாக இருந்த அறிவுக்கு வேதியியல் விளக்கம் கூறியவர்களில் மிகாயேலிஸும் ஒருவர்.

ஆனால் அவரை எதிர்த்தவர்களின் கவலைகளும் ஆதாரமற்றவை அல்ல. எல்லாக் கசடும் ஒன்றல்ல. உலைக்கு உலை, தாதுவுக்குத் தாது அதன் உட்கூறுகள் மாறுகின்றன. மெதுவாக ஆறிய கசடை அரைத்துக் கலந்தால் அது வெறும் மண்ணைக் கலந்ததற்குச் சமம். ஆயினும் தூளாக்கிய பின் இரண்டையும் வெறும் கண்ணால் பிரித்தறிவது கடினம். கசடு சேர்ந்த சிமெண்ட் தொடக்க நாட்களில் மெதுவாகவே வலிமை பெறுகிறது என்பதும் உண்மை. முழு விலை கொடுத்து வாங்குபவருக்கு மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்பது எவ்வகையிலும் நேர்மையாகாது.

வணிக நலனும் இதில் கலந்திருந்தது. இரும்பாலைகளுக்குக் கசடு செலவின்றிக் கிடைக்கும் பொருள். அவை சிமெண்ட் சந்தையில் இறங்கினால், சுண்ணாம்புக்கல் வெட்டிச் சூளையில் சுட்டு விற்பவர்கள் விலையில் போட்டியிடுவது கடினம். தூய்மை பற்றிய வாதத்துக்குப் பின்னால் இந்த அச்சமும் இருந்தது என்று கருத இடமிருக்கிறது.

கடல் நீரும் சிமெண்டின் நோயும்

விவாதம் சந்தைப் பெயரோடு நின்றிருந்தால் இவ்வளவு முக்கியத்துவம் பெற்றிருக்காது. அக்காலத்தில் துறைமுகங்களிலும் கடலோரக் கட்டுமானங்களிலும் சிமெண்ட் சாந்து விரிந்து, வெடித்து, உதிரத் தொடங்கியிருந்தது. பெரும் பொருட்செலவில் எழுப்பிய தளங்கள் பழுதடைவது பொறியாளர்களைக் கவலையில் ஆழ்த்தியது.

1890களின் தொடக்கத்தில் மிகாயேலிஸ் இந்தச் சிதைவை ஆராய்ந்தார். கடல் நீரிலும் சில வகை நிலத்தடி நீரிலும் உள்ள சல்ஃபேட், சிமெண்டில் உள்ள அலுமினாவுடனும் தனித்துக் கிடக்கும் சுண்ணாம்புடனும் கூடி ஊசி வடிவப் படிகங்களாக வளர்கிறது. நீரைப் பெருமளவில் உள்வாங்கிப் பருக்கும் இப்படிகங்கள் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கின்றன. நோய்க்கிருமிகள் பற்றிய ராபர்ட் கோஹின் கண்டுபிடிப்புகளால் பெர்லின் நகரம் பரபரப்படைந்திருந்த காலம் அது. மிகாயேலிஸ் இந்தச் சேர்மத்துக்குச் சிமெண்டின் கிருமி என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

இதே உட்கூறுகள் கொண்ட கனிமம், ஜெர்மனியின் ஐஃபெல் மலைப் பகுதியிலுள்ள எட்ரிங்கன் என்ற ஊரில் 1874இலேயே இயற்கையாகக் கண்டறியப்பட்டிருந்தது. ஊரின் பெயரால் எட்ரிங்கைட் என்று அது அழைக்கப்படுகிறது. இன்றும் கட்டடப் பொறியியல் மாணவர்கள் கான்கிரீட்டின் சிதைவு பற்றிப் படிக்கும்போது இந்தப் பெயரைத் தவறாமல் சந்திக்கின்றனர்.

நோய் இன்னதென்று தெரிந்தால் மருந்தும் புலப்படும். தனித்துக் கிடக்கும் சுண்ணாம்பே சிதைவுக்கு வழிவிடுகிறது என்றால், அதைப் பிணைத்துவிடும் பொருளைச் சேர்ப்பது பாதுகாப்பாக அமையும். கடல்சார் கட்டுமானங்களுக்கு, ரைன் பகுதியில் கிடைக்கும் டிராஸ் என்ற எரிமலைப் பாறைத் தூளைச் சிமெண்டில் சேர்க்கும்படி மிகாயேலிஸ் நீண்ட காலமாகவே வலியுறுத்தி வந்தார். நீரில் தணித்த கசடும் இதே பணியைச் செய்வதுடன், கான்கிரீட்டின் நுண்துளைகளை நெருக்கமாக்கி உப்பு நீர் உட்புகுவதையும் தடுக்கிறது. கசடு மிகுந்த சிமெண்ட் கடலோரப் பணிகளுக்கு உகந்தது என்பது பிற்கால அனுபவத்தில் உறுதிப்பட்டது.

படிகமா, கூழா

சிமெண்ட் ஏன் இறுகுகிறது என்ற கேள்வியிலும் மிகாயேலிஸ் ஒரு பெரும் விவாதத்தில் ஈடுபட்டார். பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி ல ஷாட்லியே, 1887ஆம் ஆண்டு வெளியான தமது ஆய்வில், சிமெண்ட் நீரில் கரைந்து நுண்ணிய படிகங்களாக வெளிப்பட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே இறுகலுக்குக் காரணம் என்று விளக்கியிருந்தார்.

மிகாயேலிஸ் 1893 முதல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். சிமெண்டும் நீரும் சேரும்போது முதலில் பசை போன்ற கூழ் உருவாகிறது. அது மெல்ல நீரை இழந்து சுருங்கி இறுகிக் கல்லாகிறது என்றார் அவர். இந்தக் கருத்தை விரிவாக்கி அவர் எழுதிய கட்டுரை 1907இல் சிகாகோ நகரில் ஆங்கில வடிவில் வெளியாயிற்று.

இருவரில் யார் சொன்னது சரி என்பது நீண்ட காலம் தீராத கேள்வியாக இருந்தது. 1940களில் அமெரிக்காவில் நடந்த விரிவான அளவீடுகளும் பின்னர் மின்னணு நுண்ணோக்கிகளும் இருவரின் பக்கமும் உண்மை இருப்பதைக் காட்டின. கான்கிரீட்டின் வலிமைக்கு முதன்மைக் காரணமான கால்சியம் சிலிக்கேட் நீர்ச்சேர்மம் ஒழுங்கற்ற, கூழ் போன்ற பொருள். அதனூடே சுண்ணாம்பு முதலியவற்றின் படிகங்களும் அமைந்துள்ளன. நீரில் தணித்த கசடு வினைபுரியும்போது உருவாவதும் பெரும்பாலும் இதே கூழ்ப் பொருளின் மற்றொரு வகையே.

பெயர் சூட்டித் தீர்ந்த வழக்கு

கசடு பற்றிய தகராறு ஒருவர் வென்று மற்றவர் தோற்றதாக முடியவில்லை. கலந்த பொருளுக்குத் தனிப்பெயர் சூட்டியதன் மூலமே அது தீர்ந்தது.

1901ஆம் ஆண்டு, கசடு சேர்த்துச் சிமெண்ட் தயாரித்த ஆலைகள் தனியே ஒரு சங்கம் அமைத்தன. தமது பொருளை இரும்புப் போர்ட்லாண்ட் சிமெண்ட் என்ற வேறு பெயரில், உட்கூறுகளை வெளிப்படையாகக் கூறி விற்க அவை முன்வந்தன. நீண்ட ஒப்பீட்டுச் சோதனைகளுக்குப் பிறகு, 1909இல் அந்தச் சிமெண்டுக்கென்று அதிகாரபூர்வத் தர விதி பிறந்தது. கசடின் அளவு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அதன் நிபந்தனை.

சந்தைக்குப் பெயரின்றி வந்தபோது கலப்படம் என்று கருதப்பட்ட பொருள், பெயரும் வரம்பும் சோதனையும் கிடைத்தபோது தரமான பொருளாயிற்று. மிகாயேலிஸ் தமது வாழ்நாளிலேயே இதைக் காண முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1911இல், அவர் காலமானார்.

1917ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் நடுவில், ஊதுலைச் சிமெண்ட் என்ற வகைக்கும் ஜெர்மனியில் தர விதி ஏற்பட்டது. அதில் கசடின் பங்கு 85 சதவீதம் வரை இருக்கலாம். இன்று நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதியின்படி ஊதுலைச் சிமெண்டில் கசடின் பங்கு 36 முதல் 95 சதவீதம் வரை இருக்க அனுமதி உண்டு.

இன்றைய கேள்விகள்

மிகாயேலிஸின் காலத்தில் எழாத ஒரு காரணம் இன்று கசடுக்குப் புதிய மதிப்பைத் தந்துள்ளது. கிளிங்கர் தயாரிக்கச் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1,450 டிகிரி வெப்பத்தில் சுட வேண்டும். அப்போது எரிபொருளில் இருந்தும், அதைவிடக் கூடுதலாகச் சுண்ணாம்புக்கல்லில் இருந்தும் கரியமில வாயு வெளியேறுகிறது. உலகளவில் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தொழிலில் இருந்து வருகிறது. கிளிங்கரின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கசடைச் சேர்க்கும்போது அந்த அளவுக்கு வெளியேற்றமும் குறைகிறது.

இந்தியாவில் கசடுச் சிமெண்டுக்கான ஐ.எஸ். 455 என்ற தர விதி 1953 முதல் உள்ளது. கசடின் பங்கு 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம் என அது அனுமதிக்கிறது. ஆகவே முத்திரை பெற்ற கசடுச் சிமெண்ட் கலப்படப் பொருளன்று. ஆனால் அது தொடக்கத்தில் மெதுவாக வலிமை பெறும் இயல்புடையது. போதிய நாட்கள் நீராற்றாமலும், முட்டுப் பலகைகளை அவசரமாக அகற்றியும் கட்டினால் குறை கட்டுபவரின் வேலையிலேயே இருக்கும். பழி சிமெண்டின் மேல் விழும்.

உலோகக் கசடு அனைத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்ற எதிர்த்தரப்பின் எச்சரிக்கைக்கும் இன்று பொருள் உண்டு. செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு இரும்புக் கசடிலிருந்து வேறானது. சுண்ணாம்பு குறைந்து இரும்பு மிகுந்த அது, சிமெண்டுக்கு மாற்றாவதைவிட மணலுக்கு மாற்றாகவே பெரிதும் பயன்படுகிறது. ஜெர்மனியின் மான்ஸ்ஃபெல்ட் பகுதியில் செம்புக் கசடை வார்த்துச் செய்த கற்கள் நெடுங்காலம் தெருக்களில் பதிக்கப்பட்டன. இந்தியாவிலும் 2016இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 விதி, கான்கிரீட்டில் மணலின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் செம்புக் கசடைச் சேர்க்க வரம்புகளுடன் இடமளிக்கிறது.

ஆனால் பயனுள்ள பொருள் என்ற காரணத்தால் அதை எங்கும் கொட்டலாம் என்றாகிவிடாது. தூத்துக்குடியில் இயங்கிவந்த ஸ்டெர்லைட் செம்பு ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்க 2018 ஏப்ரலில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுத்தபோது, உப்பாற்று ஓடைப் பகுதியில் செம்புக் கசடு கொட்டப்பட்டதும் அதற்கான காரணங்களில் ஒன்றாகக் கூறப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர், ஆலை மூடப்பட்டது. ஆலையைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை 2024 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சோதிக்கப்பட்டு, அளவறிந்து, கான்கிரீட்டுக்குள் பிணைக்கப்படும் கசடு ஒன்று. ஆற்றோரம் குவிக்கப்படும் கசடு வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் முதலாவதற்கு உரிய நற்பெயரை இரண்டாவது பெற்றுவிட முடியாது. முதலாவதற்கு இரண்டாவதன் பழி சேர்வதும் முறையாகாது.

ஜெர்மனியிலோ இப்போது வேறொரு மாற்றம் தெரிகிறது. கரியமில வாயுவைக் குறைக்கும் நோக்கில் அந்நாட்டின் எஃகு நிறுவனங்கள் நிலக்கரியைச் சார்ந்த ஊதுலைகளைக் கைவிட்டு, ஹைட்ரஜன், மின்வில் உலை ஆகிய முறைகளுக்கு மாறும் திட்டங்களை மேற்கொண்டுள்ளன. புதிய உலைகளில் கிடைக்கும் கசடு பழைய ஊதுலைக் கசடின் தன்மையை அப்படியே கொண்டிருப்பதில்லை. லாங்கனின் கண்டுபிடிப்பிலிருந்து 160 ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைத்துவந்த ஒரு மூலப்பொருள் வருங்காலத்தில் அரிதாகக்கூடும்.

அதற்கு மாற்றாக, சுட்ட களிமண் உள்ளிட்ட பொருள்களை இன்று ஆய்வாளர்கள் சோதித்து வருகின்றனர். சுர்க்கியின் உறவினர் என்று சொல்லத்தக்க அந்தப் பொருளிலும் மிகாயேலிஸ் எழுப்பிய அதே கேள்விகளே திரும்ப வருகின்றன. அதன் உட்கூறு என்ன, சுண்ணாம்புடன் அது எப்படிக் கூடுகிறது, ஆண்டுகள் கடந்தும் அது நிலைக்குமா என்பவை அவை. அவரை எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வியும், அதாவது வாங்குபவருக்கு இது தெரிவிக்கப்பட்டதா என்பதும், அவற்றுடன் சேர்த்தே கேட்கப்பட வேண்டியதாகும்.